வரிச்சிக்குடி வட்டாரக் குடியிருப்பு வகைகள்

வரிச்சிக்குடி வட்டாரக் குடியிருப்பு வகைகள் என்பது புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தின் வடபகுதியில், வரிச்சிக்குடியிலும் அதனைச் சூழ்ந்த கோட்டுச்சேரி கொம்யூன் ஊர்களிலும் காணப்படும் வீடுகளின் வகைகளையும், அவற்றில் மக்கள் குடியிருக்கும் உரிமை முறைகளையும் குறிக்கும். காவிரிக் கழிமுகத்தின் கடைமடைப் பகுதியான இங்கு உழவர் குடியிருப்புகளும் மீனவர் குடியிருப்புகளும் மிகக் குறுகிய தொலைவுக்குள் அமைந்துள்ளன. கூரை வீடு, ஓட்டு வீடு, தளவீடு, சுனாமிக் குடியிருப்பு, வாடகைக்கென்று கட்டப்பட்ட வரிசை வீடு ஆகியவை இவ்வட்டாரத்தின் முதன்மையான வகைகளாகும். சொந்த மனை, கோயில் அடிமனை, வாடகை, ஒத்தி ஆகியவை முதன்மையான உரிமை முறைகளாகும்.

ஒரு வீடு கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது, அது நிற்கும் மண் எத்தகையது, மனையின் உரிமை யாருடையது ஆகிய மூன்றுமே இங்கு ஒரு வீட்டின் பயனையும் பாதுகாப்பையும் தீர்மானிக்கின்றன. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இக்கேள்விகள் கூடுதல் முக்கியத்துவம் பெற்றன.

அமைவிடமும் சூழலும்

வரிச்சிக்குடி, காரைக்கால் நகருக்கு வடக்கே, காரைக்காலிலிருந்து பொறையார், தரங்கம்பாடி வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரை நெடுஞ்சாலைத் தடத்தில் அமைந்துள்ளது. நிர்வாக முறையில் இது கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்துக்கு உட்பட்டதாகும். கொம்யூன் என்ற சொல் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து தொடர்ந்து வழங்கி வருகிறது. காரைக்கால் மாவட்டத்தில் காரைக்கால் நகராட்சியும், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து கொம்யூன்களும் உள்ளன. 2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள் தொகை சுமார் 2 லட்சம் ஆகும்.

மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டி நண்டலாறு ஓடுகிறது. அதற்கு வடக்கே தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டம் உள்ளது. மேற்கிலிருந்து கடலை நோக்கி வரும் காவிரியின் கிளையாறுகள் இங்கு மிகக் குறைந்த சரிவில் ஓடுவதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் விரைவாக வடிவதில்லை. கடல் ஓதம் உயர்ந்திருக்கும் வேளையில் ஆற்று முகத்துவாரங்களில் வெள்ளநீர் தடைப்படுகிறது. எனவே பழைய குடியிருப்புகள் பெரும்பாலும் ஆற்றங்கரைகளிலும் மேடுகளிலும் அமைந்துள்ளன. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, காசாக்குடிமேடு, கோட்டுச்சேரிமேடு என்று மாவட்டத்தின் கடற்கரை ஊர்கள் பலவற்றின் பெயர்கள் மேடு என்று முடிவது குறிப்பிடத்தக்கது.

நிலப்பகுதி வண்டல் கலந்த களிமண்ணாகவும், கடலோரப் பகுதி மணலாகவும் உள்ளது. களிமண் மழைக்காலத்தில் உப்பியும் கோடையில் சுருங்கி வெடித்தும் அடித்தளத்தை அசைக்கும் தன்மையுடையது. கடலோர மணலில் நீர் எளிதில் வடியும். ஆயினும் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும்.

வரலாறு

மரபுவழிக் குடியிருப்புகள்

கழிமுகத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் தொழிலையும் சமூகத்தையும் ஒட்டியே தெருக்கள் அமைந்திருந்தன. நிலவுடைமையாளரின் ஓட்டு வீடுகள் கோயிலையும் குளத்தையும் சூழ்ந்தும், உழவுத் தொழிலாளரின் கூரை வீடுகள் வயல்வெளியை ஒட்டித் தனியாகவும், மீனவர் வீடுகள் கடற்கரை மணல்மேட்டிலும் இருந்தன. உழவுத் தொழிலாளர் பலருக்குக் குடியிருந்த மனை சொந்தமாக இருக்கவில்லை. நிலவுடைமையாளரின் நிலத்திலோ கோயில் நிலத்திலோ குடியிருந்ததால், வேலையை இழந்தால் வீட்டையும் இழக்கும் நிலை இருந்தது. பிற்காலத்தில் மனைப்பட்டா வழங்கல் ஒரு முதன்மையான அரசியல் கோரிக்கையாக எழுந்ததற்கு இதுவே காரணமாகும்.

பிரெஞ்சு ஆட்சிக் காலம்

காரைக்கால் 1739 இல் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசம் வந்தது. பிரெஞ்சு ஆட்சியில் சொத்துப் பத்திரங்கள் நொத்தேர் எனப்படும் அதிகாரியின் முன் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டன. நவம்பர் 1, 1954 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1956 இல் கையெழுத்தான உடன்படிக்கை ஆகஸ்ட் 16, 1962 இல் நடைமுறைக்கு வந்தபோது சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களும், அதற்கு முன்னரே இந்தோசீனாவுக்கும் பிரான்சுக்கும் பணிக்காகச் சென்ற குடும்பங்களும் மாவட்டத்தில் வீடுகளை வைத்துள்ளன. ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகளும், உறவினர் பொறுப்பில் வாடகைக்கு விடப்படும் வீடுகளும் இதனால் ஏற்பட்டவையாகும்.

ஆழிப்பேரலைக்குப் பின்

டிசம்பர் 26, 2004 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் சுமார் 600 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் காரைக்கால் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். மண்டபத்தூர், காளிக்குப்பம், அக்கம்பேட்டை, கோட்டுச்சேரிமேடு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவர் ஊர்கள் பாதிக்கப்பட்டன. கடற்கரையை ஒட்டியிருந்த கூரை வீடுகள் அடியோடு அழிந்தன. முதலில் தற்காலிகக் கொட்டகைகளும், பின்னர் நிரந்தர வீடுகளும் அமைக்கப்பட்டன. உலக வங்கி 2005 இல் ஒப்புதல் அளித்த அவசர சுனாமி மறுகட்டமைப்புத் திட்டம் தமிழ்நாட்டுடன் புதுச்சேரிக்கும் உரியதாக இருந்தது. தொண்டு நிறுவனங்களும் வீடுகளைக் கட்டித் தந்தன.

வீட்டு வகைகள்

கூரை வீடு

மண்சுவர் அல்லது தட்டிச் சுவரின் மேல் மூங்கில், சவுக்கு, பனைமரம் ஆகியவற்றால் சட்டகம் அமைத்து, வரிச்சுகள் கட்டி, தென்னங்கீற்று அல்லது பனையோலை வேய்ந்து அமைக்கப்படும் வீடு கூரை வீடு எனப்படும். உள்ளூரிலேயே கிடைக்கும் பொருள்களால் சில நாள்களில் கட்டி முடிக்கலாம். கோடையில் இதன் உட்புறம் தளவீட்டை விடக் குளிர்ச்சியாக இருக்கும். காற்று இடைவெளிகள் நிறைந்த ஓலை வெப்பத்தை எளிதில் உள்ளே கடத்தாததே இதற்குக் காரணமாகும்.

இதன் குறைகள் மூன்று. தென்னங்கீற்றை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பனையோலை சற்றுக் கூடுதலாக உழைக்கும். கோடையில் ஒரு வீட்டில் பற்றும் தீ காற்றின் வேகத்தில் ஒரு தெருவையே அழித்துவிடும். புயற்காற்றில் கூரை முழுவதுமாகப் பெயர்ந்துவிடும். ஆண்டுதோறும் கீற்றுக்கும் ஆள் கூலிக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால், முதலில் மலிவாகத் தோன்றும் கூரை வீடு நீண்ட காலத்தில் மலிவானதன்று. ஆயினும் ஒரே நேரத்தில் பெருந்தொகை திரட்ட இயலாத குடும்பத்திற்கு வேறு வழி இருப்பதில்லை.

ஓட்டு வீடு

செங்கல் சுவர், மரச் சட்டம், நாட்டு ஓடு அல்லது சீமை ஓடு ஆகியவற்றைக் கொண்ட வீடு ஓட்டு வீடு ஆகும். திண்ணை, கூடம், நடுவில் திறந்த முற்றம், அதனைச் சுற்றித் தாழ்வாரம், பின்புறம் கிணற்றுடன் கூடிய கொல்லை என்பது கழிமுகப் பகுதியின் வழக்கமான அமைப்பாகும். முற்றம் வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேற வழி செய்வதோடு மழைநீரைச் சேகரிக்கவும் உதவுகிறது.

நாட்டு ஓடு சிறியது, வளைவானது, பல அடுக்குகளாகப் பரப்பப்படுவது. குரங்கு, பூனை நடமாட்டத்தாலும் காற்றாலும் நகர்ந்துவிடும் என்பதால் மழைக்காலத்திற்கு முன் ஆண்டுதோறும் ஓடு மாற்றி அடுக்க வேண்டும். இவ்வேலை தெரிந்த ஆள்கள் குறைந்துவிட்டதே பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்படுவதற்கு ஒரு காரணமாகும். சீமை ஓடு ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பள்ளங்களை உடையதாதலால் பராமரிப்பு குறைவு. சட்டத்திற்குப் பயன்பட்ட தேக்கு மரத்தின் விலை உயர்வால் புதிய ஓட்டு வீடுகள் அரிதாகவே கட்டப்படுகின்றன.

தளவீடு

வலுவூட்டிய கற்காரையால் (கான்கிரீட்டால்) கூரை அமைக்கப்பட்ட வீடு தளவீடு ஆகும். மேல்தளம் இருந்தால் மாடி வீடு எனப்படும். வெளிநாட்டு வருவாய், அரசு உதவித் திட்டங்கள், வங்கிக் கடன் ஆகியவை இவ்வகையைப் பரவலாக்கின. தீ, காற்று ஆகியவற்றுக்கு இது கூடுதல் பாதுகாப்பானது. வெள்ளக் காலத்தில் மாடி அடைக்கலமாகப் பயன்படும். கோடையில் தளம் பகல் முழுவதும் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் வெளியிடுவது இதன் குறையாகும். இதனைத் தணிக்க மாடியின் மேல் கீற்றுக் கொட்டகை வேய்வதும், தட்டோடு பதிப்பதும், வெள்ளை பூசுவதும் வழக்கமாகும்.

கூரை வீட்டிலிருந்து தளவீட்டிற்கு மாறும் குடும்பங்கள் இடைநிலையில் கல்நார்த் தகட்டைப் பயன்படுத்துவதுண்டு. இது தீப்பற்றாது. எனினும் மிகுந்த வெப்பத்தைக் கடத்தும், காற்றில் உடையும், வெட்டும்போதும் உடையும்போதும் எழும் கல்நார்த் தூசு நுரையீரல் நோய்களை உண்டாக்கக்கூடியது.

சுனாமிக் குடியிருப்பு

ஆழிப்பேரலைக்குப் பின் மீனவர் குடும்பங்களுக்கு ஒரே அமைப்பில் வரிசையாகக் கட்டித் தரப்பட்ட வீடுகள் பேச்சுவழக்கில் சுனாமிக் குடியிருப்பு எனப்படுகின்றன. அண்டை மாவட்டமான நாகப்பட்டினத்திற்கும் பொருந்திய தமிழ்நாடு அரசின் 2005 ஆம் ஆண்டு ஆணை, ஒரு வீட்டின் பரப்பை 300 முதல் 325 சதுர அடி என்றும், செலவைச் சுமார் 1.5 லட்சம் ரூபாய் என்றும் வகுத்தது.

இவ்வீடுகள் கூரை வீடுகளை விட உறுதியானவை. ஆயினும் மீனவரின் பார்வையில் இவற்றுக்குச் சில குறைகள் உண்டு. வலை, இயந்திரம், எரிபொருள் ஆகியவற்றை வைக்கவும், வலை பின்னவும், கருவாடு காயவைக்கவும் தேவையான திறந்தவெளி இவ்வீடுகளில் குறைவு. கடலின் நிலையையும் படகையும் வீட்டிலிருந்தே பார்க்க இயலாது. விடியலுக்கு முன் கடலுக்குச் செல்வோர்க்கு ஒவ்வொரு முறையும் கூடுதல் தொலைவு நடக்க நேரிடுகிறது. நாகப்பட்டினம் கடற்கரையில் ஆய்வு செய்தோர், மறுகட்டமைப்பின்போது நிழல் மரங்கள் வெட்டப்பட்டதையும், சேதமடையாத பழைய வீடுகளும் கைவிடப்பட்டதையும் சுட்டிக்காட்டியுள்ளனர். குடும்பம் பெருகியபோது 300 சதுர அடி போதாமையால் பலர் முன்புறமோ பின்புறமோ கொட்டகை இறக்கிக்கொண்டனர். மணமான மகனுக்குத் தனி வீடு தேவைப்படும்போது கடற்கரையின் பழைய மனையை நாடுவதும் உண்டு. பாதுகாப்பும் தொழிலும் எதிரெதிராக நிற்கும் இடம் இதுவாகும்.

வரிசை வீடும் அடுக்குமாடியும்

ஒரே சுவரைப் பொதுவாகக் கொண்டு ஓர் அறை, ஒரு சமையலறை என்ற அளவில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடப்படும் வீடுகள் லைன் வீடு எனப்படும். கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி வட்டாரத்தில் வாடகைத் தேவையை உயர்த்தியவற்றுள் ஒன்று, 2010 இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம், புதுச்சேரி ஆகும். இதன் நிலையான வளாகம் அண்மையிலுள்ள திருவேட்டக்குடியில் அமைந்துள்ளது. மாணவர்கள் வளாக விடுதிகளில் தங்குகின்றனர். ஆசிரியர், அலுவலர், ஒப்பந்தப் பணியாளர் ஆகியோர் வெளியே வீடு தேடுவோராவர். 2016 இல் தொடங்கிய காரைக்கால் ஜிப்மர் கிளை, 2009 இல் செயற்படத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம், எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் காவிரிப் படுகைப் பணிகள் ஆகியவையும் மாவட்டத்திற்கு வெளியூர்ப் பணியாளரை வரவழைக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெரிதும் காரைக்கால் நகரை ஒட்டியே உள்ளன.

குடியிருப்பு உரிமை முறைகள்

சொந்த மனை

மனையும் கட்டடமும் ஒருவருக்கே உரிமையாக இருப்பது இம்முறையாகும். பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவை இதன் அடிப்படை ஆவணங்களாகும். விளைநிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கும்போது, அப்பிரிப்புக்கு 1969 ஆம் ஆண்டின் புதுச்சேரி நகர, ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் ஒப்புதல் தேவை. காரைக்காலுக்கு இதற்கெனத் தனித் திட்டக் குழுமம் உண்டு. ஒப்புதல் பெறாத மனை விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் அதில் வீடு கட்ட அனுமதியும் வங்கிக் கடனும் பெறுதல் கடினமாகும்.

அடிமனை

கோயில், மடம், வக்பு ஆகியவற்றுக்குரிய நிலத்தில் தரை வாடகை செலுத்திக் குடியிருப்பது அடிமனை முறை எனப்படும். நிலம் நிறுவனத்துக்கும், அதன்மேல் உள்ள கட்டடம் குடியிருப்பவருக்கும் உரியது. காவிரிக் கழிமுகத்தில் கோயில் நிலங்கள் மிகுதியாதலால் இம்முறை பரவலாக உள்ளது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் கோயில் சொத்துகள் 1972 ஆம் ஆண்டின் இந்து சமய நிறுவனங்கள் சட்டத்துக்கு உட்பட்டவையாகும்.

அடிமனை வீட்டை விலைக்கு வாங்குபவர் கட்டடத்தை மட்டுமே வாங்குகிறார். தலைமுறைகளாகக் குடியிருந்தாலும் நிலம் தமதாகிவிடுவதில்லை. விற்பவரின் பேச்சை மட்டும் நம்பி மனையும் சேர்ந்ததென்று எண்ணி முழு விலை கொடுப்போர், பின்னர் தரை வாடகை நிலுவைக்கும் வெளியேற்ற நடவடிக்கைக்கும் உள்ளாக நேரிடும். ஆகவே பட்டா யார் பெயரில் உள்ளது என்பதைச் சரிபார்த்தல் இன்றியமையாததாகும்.

வாடகை

வாடகை வீடுகள் பெரும்பாலும் முன்பணம் பெற்றுக்கொண்டு, பதினொரு மாத ஒப்பந்தத்தின் பேரில் விடப்படுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுவதே பதினொரு மாத வழக்கத்துக்குக் காரணமாகும். வேறு ஒப்பந்தமோ தனிச் சட்டப் பாதுகாப்போ இல்லாதபோது மாத வாடகைக் குடியிருப்பை முடிக்க இரு தரப்பினரும் 15 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் கூறுகிறது.

தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் நண்டலாற்றுக்கு வடக்கே பொருந்துமேயன்றிக் காரைக்காலுக்குப் பொருந்தாது. புதுச்சேரி ஒன்றியப் பகுதி 1969 இல் தனக்கெனக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. ஒரே பேச்சும் ஒரே பழக்கமும் உடைய இரண்டு ஊர்களில், ஆற்றின் எக்கரையில் வீடு உள்ளது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுபடுகிறது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. மீன்பிடித் தொழிலைச் சார்ந்த வாடகைக் குடியினருக்கு இது வருவாய் குன்றும் காலமாகும்.

ஒத்தி

வீட்டு உரிமையாளருக்கு ஒரு பெருந்தொகையைக் கொடுத்து, குறித்த காலம் வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் அத்தொகையை முழுமையாகத் திரும்பப் பெறுவது ஒத்தி அல்லது போக்கியம் எனப்படும். உரிமையாளர் வட்டி தருவதில்லை; குடியிருப்பவர் வாடகை தருவதில்லை. எடுத்துக்காட்டாக, 4 லட்சம் ரூபாய்க்கு ஒத்திக்கு எடுத்தவர் அத்தொகையை ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியில் வங்கியில் இட்டிருந்தால் 24,000 ரூபாய் பெற்றிருப்பார். அவ்வகையில் அவர் மாதம் 2,000 ரூபாய் வாடகை கொடுப்பதாகக் கருதலாம். இதே கணக்கைக் கொண்டு ஒரு வீட்டுக்கு ஒத்தி இலாபமா வாடகை இலாபமா என்று ஒப்பிடலாம்.

காலம் முடியும்போது உரிமையாளரிடம் பணம் இல்லாமற்போவதே இம்முறையின் முதன்மையான இடராகும். புதிதாக ஒருவரை ஒத்திக்கு அமர்த்தி அவர் தரும் பணத்தைப் பழையவருக்குக் கொடுப்பதே பொதுவான வழக்கமாதலால், புதியவர் கிடைக்கும் வரை பழையவர் காத்திருக்க நேரிடும். ஒரே வீட்டின்மீது வங்கிக் கடனும் இருந்தால் சிக்கல் மேலும் பெரிதாகும். சட்டப்படி இது சொத்து மாற்றுச் சட்டத்தின் 58 ஆம் பிரிவில் கூறப்படும் அனுபவ அடமானத்தின் தன்மையுடையது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்ய வேண்டும். முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்திடுவதோடு நின்றுவிட்டால், வீடு விற்கப்படும்போது ஒத்திக்காரரின் பாதுகாப்பு குறைகிறது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றோர்

காரைக்கால் குடும்பங்களில் பிரெஞ்சுக் குடியுரிமை உடையோர் பலர் இருப்பதால் இவ்விதிகள் இங்கு நடைமுறை முக்கியத்துவம் உடையவை. அயல்நாட்டில் வாழும் இந்தியக் குடிமகனும், இந்தியாவின் கடல்கடந்த குடிமக்கள் அட்டை பெற்றவரும் வீடும் வீட்டு மனையும் வாங்கலாம். ஆனால் விளைநிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க இயலாது. இந்திய வழித்தோன்றல் அல்லாத, அயல்நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவர் ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டுமே வீடு எடுக்கலாம். ஒப்பீட்டுக்கு, தாய்லாந்தின் கடற்கரை ஊர்களில் வெளிநாட்டவர் பொதுவாக நிலத்தை உரிமையாக்கிக்கொள்ள இயலாது. அடுக்குமாடிக் கட்டடமொன்றின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காட்டுக்கு மேற்படாத பகுதியில் வீடு வாங்கலாம். நிலத்தை 30 ஆண்டு வரை குத்தகைக்குப் பெறலாம்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான் எனப்படுவர். 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று அச்சட்டமே கூறுகிறது. எனவே அத்தகைய குடும்பத்தின் வீட்டை வாங்கும்போது வாரிசுகள் யார் என்பதைத் தனியே அறிதல் வேண்டும்.

நில அளவும் ஆவணங்களும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நில ஆவணங்களில் பரப்பளவு எக்டேர், ஆர், சென்டியார் என்ற பிரெஞ்சு அளவு முறையில் குறிக்கப்படுகிறது. ஒரு ஆர் 100 சதுர மீட்டர். ஒரு சென்டியார் 1 சதுர மீட்டர். 100 ஆர் ஒரு எக்டேர் ஆகும். பேச்சுவழக்கில் குழி, மா, வேலி ஆகியவை வழங்குகின்றன. தஞ்சை வழக்கில் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி ஆகும். புதுச்சேரிப் பகுதியில் வழங்கும் குழியோ 576 சதுர அடி ஆகும்.

1,200 சதுர அடி மனை ஒன்று ஆவணத்தில் ஏறத்தாழ 1 ஆர் 11 சென்டியார் என்றிருக்கும். இது தஞ்சைக் குழியில் 8.33, புதுச்சேரிக் குழியில் 2.08. ஒரே சொல் நான்கு மடங்கு வேறுபடும் இரண்டு அளவுகளைக் குறிப்பதால், விலை பேசும்போது சதுர அடி அல்லது சதுர மீட்டரில் உறுதி செய்துகொள்ளுதல் நன்று. நிலப் பதிவேடுகளை இணையவழியில் காண்பதற்குப் புதுச்சேரி அரசின் நிலமகள் என்னும் சேவை உதவுகிறது.

கடற்கரை ஒழுங்குமுறை

இந்திய அரசு 1991 இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. 2011 இலும் 2019 இலும் புதிய அறிவிக்கைகள் வந்தன. இவற்றின்படி உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்புறமாக 500 மீட்டர் வரை உள்ள பகுதி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாகும். ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் கட்டுமானத் தடைப் பகுதியாக இருந்தது. 2019 ஆம் ஆண்டு அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில் இதனை 50 மீட்டராகக் குறைத்தது. ஏனைய ஊரகப் பகுதிகளில் 200 மீட்டராகவே வைத்தது. அவ்வப் பகுதிக்கான கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடம் புதிய அறிவிக்கையின்படி ஒப்புதல் பெற்ற பின்னரே இந்த மாற்றம் நடைமுறைக்கு வரும்.

இவ்விதிகள் கடலுக்கு மட்டுமன்றி, ஓதம் ஏறும் ஆறுகளின் கரைகளுக்கும் உரியவை. கடலிலிருந்து வெகு தொலைவில் இருப்பதாகத் தோன்றும் ஆற்றங்கரை மனையும் இதனால் கட்டுப்பாட்டுக்குள் வரக்கூடும். மரபுவழி மீனவரின் குடியிருப்புகளுக்கு அறிவிக்கைகளில் சில விலக்குகள் உள்ளன.

கட்டுமானக் குறிப்புகள்

இவ்வட்டாரத்தில் தளவீடுகள் விரைவில் பழுதடைவதற்கு முதன்மையான காரணம் உப்பாகும். கடற்காற்றிலும் உவர் நீரிலும் உள்ள குளோரைடு கற்காரையின் நுண்துளைகள் வழியே ஊடுருவி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, இரும்பை விடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால் கற்காரை வெடித்துக் காரை பெயர்ந்து விழுகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது உத்தரத்தின் அடியில் கம்பியின் போக்கிலேயே நீண்ட விரிசல் தென்படுவது இதன் முதல் அடையாளமாகும்.

கடலோரச் சூழலுக்கு வெளிப்பட்டு நிற்கும் வலுவூட்டிய கற்காரைக்கு ஐ.எஸ். 456:2000 என்னும் இந்தியத் தரநிர்ணயம் குறைந்தது எம்30 தரத்தையும், கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கையும் பரிந்துரைக்கிறது. சிறு வீடுகளில் இம்மூடாக்கு பெரும்பாலும் பாதியளவே விடப்படுகிறது. மூடாக்குக் கட்டைகளை முறையாக வைத்தல், கலவைக்கும் நீராற்றலுக்கும் நன்னீரையே பயன்படுத்தல், கடல் மணலைத் தவிர்த்தல் ஆகியவை பெருஞ்செலவின்றி வீட்டின் ஆயுளை நீட்டிக்கும் வழிகளாகும்.

களிமண் மனையில் அடித்தளத்தை மண் வெடிப்பின் ஆழத்துக்குக் கீழே கொண்டு செல்வதும், குழியில் மணல் நிரப்பி இறுக்குவதும் வழக்கமாகும். தரைமட்டத்தை அண்மைக் கால வெள்ளத்தின் உயரத்துக்கு மேல் அமைக்க வேண்டும். சாலைகள் ஒவ்வொரு முறை போடப்படும்போதும் உயர்வதால், பழைய வீடுகள் தெருவை விடத் தாழ்ந்து மழைநீர் புகும் நிலை பல ஊர்களில் உள்ளது.

1952, 1977 ஆம் ஆண்டுகளின் நாகப்பட்டினப் புயல்கள், நவம்பர் 2008 இல் காரைக்கால் அருகே கரை கடந்த நிசா புயல், நவம்பர் 16, 2018 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் ஆகியவை இக்கடற்கரையைத் தாக்கியவையாகும். புயற்காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குவதால், ஓடும் தகடும் சட்டத்தோடும், சட்டம் சுவரோடும் இறுகப் பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். கூரையின் எடை மட்டுமே அதனைத் தாங்கி நிறுத்தும் என்று கருதுவது பிழையாகும்.

அரசுத் திட்டங்கள்

கூரை வீடுகளைத் தளவீடுகளாக மாற்ற நிதியுதவி அளிக்கும் பெருந்தலைவர் காமராசர் நூற்றாண்டு வீடு கட்டும் திட்டத்தைப் புதுச்சேரி குடிசை மாற்று வாரியம் செயற்படுத்தியது. சூன் 25, 2015 அன்று தொடங்கப்பட்ட நடுவண் அரசின் பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தின் (நகர்ப்புறம்) முதற்கட்டத்தில், சொந்த மனையில் தாமே வீடு கட்டுவோர்க்கு 1.5 லட்சம் ரூபாய் நடுவண் அரசின் பங்காக வழங்கப்பட்டது. அத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 இல் தொடங்கப்பட்டது.

இத்தகைய உதவி கட்டுமானத்தின் நிலைகளைப் பொறுத்துத் தவணைகளாக வழங்கப்படுகிறது. முதல் நிலையைத் தம் கைப்பணத்தில் முடிக்க இயலாதவர்கள் வட்டிக்குக் கடன் வாங்குவதும், சுவர் எழும்பிய நிலையில் வீடு நின்றுவிடுவதும் உண்டு. மேலும் சொந்த மனைக்கான ஆவணம் இதற்கு அடிப்படைத் தேவையாகும். அடிமனையிலும் புறம்போக்கிலும் கடற்கரைத் தடைப் பகுதியிலும் குடியிருப்போர், வீட்டுத் தேவை மிகுதியாக இருந்தும் இதனைப் பெற இயலாமல் போகின்றனர். ஆகவே இவ்வட்டாரத்தில் வீட்டுச் சிக்கல் என்பது முதலில் மனைச் சிக்கலாகவே உள்ளது.